வேலைக்குத் திரும்பிய நாள்

வெள்ளவத்தை, கொழும்பு
06.02.2005

அன்புள்ள பூரணி அக்காவுக்கு,

நீங்களும் தங்கச்சி சுதாவும் சுகம்தானே? நான் நல்லா இருக்கேன். கடைச் சோறு வயித்துக்கு ஒத்துக்கல, அது மட்டுந்தான் குறை. இதைக் கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்புறேன், கோவிச்சுக்காதீங்க. கையால எழுத நேரமே கிடைக்க மாட்டேங்குது.

ஒரு பெரிய விஷயம். நம்ம தோட்டத்தை நடத்துற கம்பெனி எங்க ஆபீசுக்கு ஒரு வேலை குடுத்திருக்கு. தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு ஒரு மிசின். நோயாளி வந்து உக்காந்ததும் கம்ப்யூட்டர் தமிழ்ல கேள்வி கேக்கும். எங்க வலி, எத்தனை நாளா, காய்ச்சல் இருக்கா, கால் வீங்கியிருக்கா. பதிலை அமுக்கினா, இவங்க எத்தனை நாள்ல வேலைக்குத் திரும்புவாங்கன்னு அது சொல்லும். மூணு நாளுக்குள்ளன்னா பச்சை. அதுக்கு மேலன்னா மஞ்சள். பெரிய வருத்தம், உயிருக்கு ஆபத்துன்னா சிவப்பு, உடனே தோட்டத்து லொறியில ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்கு.

இதுல அதிசயம் என்னன்னா, நான் அதுக்கு வைத்தியம் சொல்லிக் குடுக்கல. எனக்கு என்ன வைத்தியம் தெரியும்? பழைய நோயாளிங்க விவரத்தைக் குடுத்தா அதுவே படிச்சுக்கும். இப்படி வந்தவங்க இத்தனை நாள்ல எழும்பிப் போனாங்கன்னு அதுவே கண்டுபிடிக்கும். செயற்கை நுண்ணறிவுன்னு பேரு. கம்பஸ்ல கடைசி வருசம் நான் மண்டையை உடைச்சுக்கிட்டதே இதுக்குத்தான்.

நீங்க டிஸ்பென்சரியில இருக்கிறதால எனக்கு அதிர்ஷ்டம். மருந்துக்கார சிவராசா ஐயா எழுதின நோயாளர் புத்தகமெல்லாம் உள் அலுமாரியில இருக்குமே, 1985லேர்ந்து? பெரிய தொரைகிட்ட அனுமதி வாங்கியாச்சு. அதை வரி வரியாப் பாத்து, நான் அனுப்புற தாளில எழுதி அனுப்புங்க. பேர் வேணாம். வயசு, என்ன வருத்தம், வந்த தேதி, கடைசிக் கட்டத்துல இருக்கிற ‘வேலைக்குத் திரும்பிய நாள்’. இவ்வளவுதான். ஒண்ணு மட்டும் கவனம். கடைசிக் கட்டம் வெறுமையா இருந்தா அந்த வரியை விட்டுடுங்க. வெறுமை மிசினுக்குப் புரியாது, குழம்பிப் போகும்.

அம்மாவுக்கு நடந்தது இனி நம்ம லயத்து வீடுங்கள்ல யாருக்கும் நடக்கக் கூடாதுக்கா. அதுக்குத்தான் இவ்வளவும்.

உங்கள் மதுரன்


மஞ்சப்பாறைத் தோட்டம், மேல் டிவிசன், டயகம
27.03.2005

தம்பி மதுரனுக்கு அக்கா பூரணி எழுதுறது,

அச்சடிச்ச காயிதத்தப் பாத்ததும் கோர்ட்டு நோட்டீசாக்கும்னு நெஞ்சு அடச்சுப் போச்சுடா. பெத்தவளுக்குப் பெத்தவளா வளத்த அக்காளுக்கு ரெண்டு வரி கையால எழுத ஒனக்கு நேரமில்ல. இருக்கட்டும், பெரிய ஆளாயிட்ட.

நீ கேட்டத எழுதி முடிச்சுட்டேன். ரெண்டு கட்டாக் கட்டி, மலை வேலைய மேப்பாக்குற கண்டாக்கு ஐயா டவுனுக்குப் போனாரு, அவருகிட்டக் குடுத்து ரெஜிஸ்டர் தபால்ல போடச் சொல்லியிருக்கேன். இருவது வருசத்துப் புத்தகம்டா. வெரல் மடங்க மாட்டேங்குது. சுதாவும் கொழுந்து நிறுத்துட்டு வந்து பக்கத்துல ஒக்காந்து வாசிச்சுக் காட்டுவா. அவ கல்யாணத்துக்குப் பெறவு ஒடம்பு தேறியிருக்கா. அழகன் நல்ல மாதிரிப் பையன், பேக்டரி வேலைக்கு ஒரு நாளு லீவு போட மாட்டேங்கிறான்.

சிவராசா ஐயாவ தை மாசத்தோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வேற ஆளு போடல. மிசின் வருது, ஆளு எதுக்குன்னு தொரை சொன்னாராம். இது ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் எழுதாம இருந்தியா? மாசி கடைசியில சாமான் எடுக்க வந்தாரு மனுசன். நான் எழுதிக்கிட்டு இருக்கிறதப் பாத்துட்டு நின்னாரு. அவரு பேச்சு ஒனக்குத் தெரியுமே. “பிள்ளை, நான் எழுதினதை எல்லாம் குடுக்கிறாய், சரி. நான் எழுதாமல் விட்டதை ஆர் குடுக்கிறது?” அப்புடின்னாரு. என்னய்யா சொல்றீங்கன்னேன். ஒண்ணுமில்லன்னுட்டு கொடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. யாழ்ப்பாணம் போயிச் சேந்துருப்பாரு இந்நேரம்.

இன்னொண்ணு சொல்லணும். தொண்ணூத்தொண்ணாம் வருசப் புத்தகத்துல அம்மா வரி இருந்துச்சு. வயசு முப்பத்தாறு. எட்டு மாசம். கால் வீக்கம், தலையிடி, கண் மங்கல். ஆவணி பன்னெண்டு. கடைசிக் கட்டம் வெறுமை. அந்தப் பக்கத்துலயே கண்ணு நின்னு போச்சு. சுதா ஏன்க்கா எழுதல, எழுதலன்னு கேக்குறா. அவளுக்கு அப்ப ஆறு வயசு, ஒண்ணும் ஞாபகம் இல்ல. அழுதுட்டேன். பெறகு நீ சொன்ன மாதிரி அந்த வரிய விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்.

வேளைக்குச் சாப்புடு. கையால எழுது.

அக்கா


வெள்ளவத்தை, கொழும்பு
19.04.2005

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டு ரெண்டும் கிடைச்சது. நீங்க செஞ்சிருக்கிற வேலையைப் பாத்து எங்க ஆபீசே வாயைப் பொளந்துடுச்சு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. நாலாயிரத்துச் சொச்சம் வரி. இவ்வளவு சுத்தமான டேட்டா எங்கேயும் கிடைக்காதுன்னு எங்க பாஸே சொன்னார்.

அம்மா வரியைப் பாத்து அழுதீங்கன்னு எழுதியிருந்தீங்க. அழாதீங்கக்கா. பதினாலு வருசம் ஆச்சு. நடந்ததை மாத்த முடியாது, நடக்கப்போறதைத்தான் மாத்தணும்.

சிவராசா ஐயா விஷயம் எனக்குத் தெரியாது. உண்மையாத்தான் சொல்றேன். அவர் எப்பவும் அப்படித்தான், ஏதாவது மூடு மந்திரமாப் பேசுவார்.

உங்க மதுரன்

(இந்தப் பேர் மட்டும் கையால போட்டிருக்கேன், பாருங்க!)


மஞ்சப்பாறை, மேல் டிவிசன்
30.10.2005

அன்புள்ள தம்பிக்கு,

ஒன் மிசின் வந்துருச்சு! சந்தனம் குங்குமம் வச்சு, தேங்கா ஒடச்சுத்தான் தொறந்தாங்க. பெரிய தொரை, கண்டாக்கு, தலவருமாரு எல்லாரும் வந்தாங்க. தொரை இங்கிலீசுல பேசுனாரு, நடுவுல ஒன் பேரு வந்துச்சு. மலையில நின்ன பொம்பளைங்க எல்லாம் கூடையோட ஓடியாந்து பாத்தாங்க. நம்ம லயத்துப் புள்ள செஞ்சதுன்னு ஒரே பேச்சு. அழகம்மா அக்கா மிசினக் கும்புட்டு துன்னூறு பூசிருச்சு, போ. எனக்கு வந்த பெருமையில அன்னிக்குச் சோறே எறங்கல.

அமுக்குற வேலை என்னோடது. ஒரு மாசமாப் பாத்துட்டு ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. பச்சை விழுந்தா லீவுத் துண்டு கெடையாது. துண்டு இல்லன்னா மறுநா காலம்பற பேரு கூப்புடுற பெரட்டுல போயி நின்னுதான் ஆகணும், இல்லாட்டி பேரு இல்ல, சம்பளமும் இல்ல. அழகம்மா அக்காவுக்கு நெஞ்சுச் சளி, இருமி இருமி ரெண்டா மடங்குது. பச்சை விழுந்துச்சு. வேற வழி, மறுநா வேலைக்குப் போச்சு. போனதும் நான் கடைசிக் கட்டத்துல அந்தத் தேதிய அமுக்கணும். அமுக்குனா மிசின் சொன்னது சரின்னு வருது. இது என்னடா நியாயம்? நீ போய்த்தான் ஆகணும்னு சொல்லிட்டு, போனதும் பாத்தியா நான் சொன்னேன்லங்குது.

லொறியும் இனிமே சிவப்புத் துண்டு இருந்தாத்தானாம். தொரை ஓடர் போட்டுட்டாரு. சிவராசா ஐயா இருந்தப்ப வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டாருன்னா லொறி வரும். கால அமுக்கிப் பாப்பாரு, பெருவெரல் குழி அப்புடியே நின்னா ஒரு வார்த்த பேச மாட்டாரு, லொறிக்கு ஆள் அனுப்புவாரு. இந்த மிசினுக்கு வெரல் எங்க இருக்கு?

சும்மா எழுதுறேன். ஒன்னக் கொற சொல்லல.

அக்கா


வெள்ளவத்தை, கொழும்பு
22.01.2006

அன்புள்ள அக்காவுக்கு,

சுதா உண்டாயிருக்கிற செய்தி கேட்டுத் துள்ளிக் குதிச்சேன். நான் மாமாவா! பிள்ளைக்குப் பேர் நான்தான் வைப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.

உங்க கேள்விக்குப் பதில். நீங்க ஒரு ஆளைப் பாத்துட்டுப் பேசுறீங்க. மிசின் நாலாயிரம் பேரைப் பாத்திருக்கு. மூணு மாசக் கணக்குப்படி நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியாச் சொல்லியிருக்கு. எந்த டாக்டரும் இவ்வளவு சரியாச் சொல்ல மாட்டார். சிவராசா ஐயா லொறியில அனுப்பினவங்கள்ல எத்தனையோ பேர் ஒண்ணுமில்லன்னு திரும்பி வரலையா? அதெல்லாம் வீண் அலைச்சல்தானே. லொறி விஷயம் நிர்வாகத்தோட முடிவு, அதுல நான் தலையிட முடியாது.

கம்பெனி இதை இன்னும் எட்டுத் தோட்டத்துக்குக் குடுக்கப் போகுது. ஜூன்ல என்னைப் பெங்களூருக்கு மூணு மாசம் அனுப்புறாங்க. ஒரு மாநாட்டுல நம்ம மிசினைப் பத்திப் பேசப் போறேன். மஞ்சப்பாறைன்னு ஒரு தோட்டம் இருக்குன்னு அங்க எல்லாருக்கும் தெரியப் போகுதுக்கா.

மதுரன்


மஞ்சப்பாறை
09.07.2006

தம்பி,

இத அவசரமா எழுதுறேன். பெங்களூர் விலாசம் ஒன் ஆபீசுக்குத்தான் தெரியும், அங்க அனுப்புறேன், அவங்க அனுப்பி வைப்பாங்கன்னு நம்புறேன். ஆபீஸ் போன்லேர்ந்து வெளிநாட்டுக்குப் பேச விட மாட்டேங்கிறாங்க.

சுதாவுக்கு எட்டாம் மாசம். காலு ரெண்டும் வீங்கிப் போயி செருப்பு நொழைய மாட்டேங்குது. ரெண்டு தடவ மிசின்கிட்ட ஒக்கார வச்சேன். ரெண்டு தடவயும் பச்சை. ‘நேற்று வேலைக்குப் போனீர்களா’ன்னு அது கேக்குது. போனான்னு அமுக்குறேன். போகாம என்ன செய்வா? துண்டு இல்லியே! பத்து மாசம் சொமந்துக்கிட்டு மலையில நிக்கிறது நம்ம பொம்பளைங்களுக்குப் புதுசா? நம்ம அம்மா கடைசி நாளு வரைக்கும் கொழுந்து எடுத்தா, ஒனக்குத் தெரியாதா? அந்தக் கேள்விய எந்த மனுசன்டா எழுதுனது?

கால அமுக்கிப் பாத்தேன். குழி நிக்குது.

நான் சொன்னா அவ கேக்க மாட்டேங்கிறா. ஓட்டோ புடிச்சு டவுனுக்குப் போவோம் வாடின்னா சிரிக்கிறா. “அண்ணன் செஞ்ச மிசின் எனக்குப் பொய் சொல்லுமா? நீ சும்மா பயந்து சாவாத”ங்கிறா. நான் என்ன சொன்னாலும் அவளுக்கு நீதான் பெருசு. மிட்வைப் அம்மாவும் போன மாசம் வரல. நீ ஒரு வார்த்த சொன்னா போவா. தொரைகிட்டப் பேசி லொறிக்குச் சொல்லு. இல்ல அவளுக்கு ஒரு காயிதம் போடு. கையால எழுது, ஒன் எழுத்துன்னா அவளுக்கு நல்லாத் தெரியும்.

சீக்கிரம்டா.

அக்கா


பெங்களூர்
28.07.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கடிதம் கொழும்பு ஆபீஸ்ல கிடந்து நேத்துத்தான் என் கைக்கு வந்தது. பதறாதீங்க. ரெண்டு தடவை பச்சைன்னா பயப்பட ஒண்ணும் இல்ல. ஒரு தடவைன்னாலும் தப்பாகலாம், ரெண்டு தடவை தப்பாக வாய்ப்பு ரொம்பக் குறைவு. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குறது சகஜம். புத்தகத்துல கால் வீக்கத்தோட வந்தவங்க பெரும்பாலும் ரெண்டு நாள்ல வேலைக்குத் திரும்பியிருக்காங்க, நான் பாத்திருக்கேன்.

இருந்தாலும் உங்க மனத்திருப்திக்காக ஓட்டோவுல கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. சுதா, இது உனக்கு: அக்கா சொன்னாக் கேளு. போயிட்டு வா. வர்றப்ப மருமகனுக்கு இங்கேயிருந்து சட்டை வாங்கிட்டு வர்றேன். (இந்தக் கடிதம் முழுக்கக் கையாலதான் எழுதியிருக்கேன், சந்தோசமா?)

மாநாடு ரொம்ப நல்லா நடந்தது. எல்லாரும் எழும்பி நின்னு கை தட்டினாங்க.

மதுரன்


மஞ்சப்பாறை
06.08.2006

மதுரன்,

ஒன் காயிதம் நேத்து வந்துச்சு. சுதாவ அடக்கம் பண்ணி மூணு வாரமாச்சு.

ஒன் ஆபீசுக்கு மூணு தந்தி குடுத்தோம். சொல்லலியா அவங்க? இல்ல, கை தட்டு முடியட்டும்னு வச்சுக்கிட்டாங்களா?

எல்லாத்தையும் எழுதுறேன், படி. ஆடி மாசம் பொறக்குறதுக்கு முன்னால, பதினஞ்சாந் தேதி சனிக்கெழம. காலம்பற தலையிடிக்குதுன்னா. துண்டு இல்ல, மலைக்குப் போயிட்டா. பதினொரு மணிக்கு ரெண்டு பேரு கைத்தாங்கலாக் கூட்டியாந்தாங்க. கண்ணு தெரிய மாட்டேங்குதுக்கா, பொகையா இருக்குங்கிறா. மிசின்ல ஒக்கார வச்சேன். பச்சை. நான் கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு ஓடுனேன். லொறி அங்கதான் நிக்குது, கொழுந்து ஏத்திக்கிட்டு. கண்டாக்கு ஐயா கைய விரிச்சுட்டாரு. சிவப்புத் துண்டு இல்லாம லொறி விட்டா என் வேலை போயிரும் பூரணிங்கிறாரு. அந்தாளு காலுல விழுந்தேன்டா. எல்லாரும் பாக்க விழுந்தேன்.

திரும்பி ஓடியாந்து மிசினுக்குப் பொய் சொன்னேன். காய்ச்சல்னு அமுக்குனேன். பச்சை. ரத்த வாந்தின்னு அமுக்குனேன். மஞ்ச. பத்து நாளா வேலைக்கே போகலன்னு அமுக்குனேன், பாம்பு கடின்னு அமுக்குனேன், இருக்குற பொய்யெல்லாம் சொன்னதுக்குப் பெறவு சிவப்பு விழுந்துச்சு. அரை மணி நேரம். அதுக்குள்ள அவளுக்கு கை கால் இழுப்பு வந்துருச்சு. அழகன் பேக்டரியிலேர்ந்து ஓடியாந்து தூக்கிக்கிட்டு ஏறுனான். கொழுந்துச் சாக்கு மேல படுக்க வச்சுத்தான் கொண்டு போனோம். பாலம் தாண்டுறதுக்குள்ள கை சில்லுன்னு ஆயிருச்சு. புள்ளயும் போச்சு. ஆம்பளப் புள்ள. சட்டைய நீயே போட்டுக்க.

கருமாதி முடிஞ்சுது. நீ வர வேணாம். வந்தாலும் அழகன் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டான்.

பூரணி


வெள்ளவத்தை, கொழும்பு
25.08.2006

அக்கா,

தந்தி எதுவும் என் கைக்கு வரல. சத்தியமா வரல. உங்க கடிதத்தைப் பாத்துட்டு மறுநாளே கிளம்பி வந்துட்டேன். கொழும்பு வரைக்கும் வந்தேன். அங்கேயிருந்து பஸ் ஏற எனக்குத் தைரியம் இல்ல.

ஒரு வாரமா ரூமை விட்டு வெளியே போகல. உங்க பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படிச்சேன். போன வருசம் மார்ச் மாசக் கடிதத்துல வந்து நின்னுட்டேன். அம்மா வரி. எட்டு மாசம், கால் வீக்கம், தலையிடி, கண் மங்கல். கடைசிக் கட்டம் வெறுமை, விட்டுட்டேன்னு எழுதியிருந்தீங்க.

அக்கா, அந்தக் கட்டம் ஏன் வெறுமையா இருந்தது? அம்மா வேலைக்குத் திரும்பல. அதனால வெறுமை. செத்தவங்க யாரும் வேலைக்குத் திரும்புறதில்ல. செத்துப் போன ஒவ்வொருத்தர் வரியையும் விட்டுடுங்கன்னு நான்தான் உங்களுக்கு எழுதினேன். நீங்க ஒரு வரி தப்பில்லாம விட்டீங்க. நான் செஞ்ச மிசினுக்கு ஒரு சாவைக் கூட நாங்க காட்டல. கால் வீங்கி வந்தவங்க எல்லாரும் எழும்பி வேலைக்குப் போனாங்கன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். சாவுன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது.

நீங்க அதை எழுதியே அனுப்பினீங்க. நான் படிச்சேன். படிச்சுட்டு அழாதீங்கன்னு பதில் போட்டேன். நம்ம அம்மா வரியையே நான் அடையாளம் கண்டுக்கல. சிவராசா ஐயா கேட்டதும் இதைத்தான். அவரை மூடு மந்திரம்னு சொன்னேன்.

ஆபீஸ்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். மிசினை நிறுத்தணும்னு எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த மாசம் கூட்டம் வச்சிருக்காங்க. அலுமாரியில இருக்கிற புத்தகங்கள்ல அப்படி வெறுமையா எத்தனை வரி இருக்குன்னு மட்டும் எண்ணி எழுதுவீங்களா? என்கிட்டப் பேச வேணாம். எண்ணிக்கை மட்டும் எழுதுங்க.

மதுரன்


மஞ்சப்பாறை
17.09.2006

நூத்தி முப்பத்தொம்போது.

அதுல முப்பது நாப்பது பேரு வேற தோட்டத்துக்குப் போனவங்க, இந்தியாவுக்குப் போயிட்டவங்க. மத்தவங்க எல்லாம் நம்ம மேட்டுப் புதைகுழியில இருக்காங்க. பாதிப் பேரு எனக்கு மொகம் ஞாபகம் இருக்கு. எழுதறப்பவே ஞாபகம் இருந்துச்சு. அக்கா, இது கந்தப்பன் மாமாவாச்சேன்னு சுதாவே ஒரு எடத்துல கேட்டா. வாய மூடிக்கிட்டு அடுத்த வரிய வாசிடின்னேன். தம்பி படிச்சவன், அவன் சொன்னா காரணம் இருக்கும்னு நெனச்சேன். ஒன் மேல மட்டும் பழியப் போட்டுட்டு நான் தூங்கல, அது ஒனக்குத் தெரியட்டும்.

இன்னொண்ணும் கேளு. சுதா வரி மிசின்ல இன்னும் நிக்குது. கடைசிக் கட்டத்துல தேதி போடாம அது மூட மாட்டேங்குது. ‘வேலைக்குத் திரும்பிய நாளை உள்ளிடவும்’னு தெனம் காலம்பற தொறந்ததும் கேக்குது. தெனம். என்னத்தடா உள்ளிடுவேன்? மாசக் கடைசியில நெரப்பாத வரியெல்லாம் தானா அழிஞ்சுருமாம், கண்டாக்கு ஐயா சொன்னாரு. போன மாசமே அவ வரி போயிருக்கணும், ஏதோ கோளாறு, நிக்குது. இந்த மாசம் போயிரும்.

அதுக்குள்ள ஒன் கூட்டத்துல சொல்லி ஏதாவது செய்.

பூரணி


வெள்ளவத்தை, கொழும்பு
14.01.2007

அக்கா,

நாலு மாசமா எழுதல. எழுதக் கை வரல.

கூட்டம் நடந்தது. நூத்தி முப்பத்தொம்போதுன்னு சொன்னேன். அப்புறம் கம்பெனிக்காரங்க ஒரு தாளைக் காட்டினாங்க. போன வருசம் ஒன்பது தோட்டத்துலயும் லொறி ஓட்டம் பாதியாக் குறைஞ்சிருக்கு, துண்டு வாங்கினவங்க மூணுல ஒரு பங்காக் குறைஞ்சிருக்கு, மிசின் நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது சரி. தொண்ணூத்தொன்பது எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியும். நெரம்பாத வரியெல்லாம் அழிஞ்சு போகுதே. சொன்னேன். சோகத்துல இருக்கீங்க, லீவு எடுங்கன்னாங்க.

அறிக்கை ஒண்ணு எழுதினாங்க. மிசின்ல தவறு இல்ல, டிஸ்பென்சரி ஊழியர் விவரங்களை முழுமையா எழுதி அனுப்பாததும், சம்பவத்தன்று பொய்யான பதில்களை உள்ளிட்டதும் காரணம்னு எழுதியிருந்தது. அதுல நான் கையெழுத்துப் போட்டேன்கா.

ஏன் போட்டேன்னு கேப்பீங்க. போடலைன்னா வேலை போயிடும். நான் வெளியே போயிட்டா உள்ளே இருந்து திருத்த ஒரு ஆளும் இல்லாமப் போயிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்பவும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்தப் ப்ரோகிராம்ல கை வைக்க எனக்கு இப்ப அனுமதியே இல்ல. வேற வேலைக்கு மாத்திட்டாங்க.

நான் கோழை. அது எனக்குத் தெரியும். தைப்பூசத்துக்கு வந்து சுதா குழிக்கு ஒரு விளக்கு வச்சுட்டு, யார் கண்ணுலயும் படாமத் திரும்பிடுறேன். ஒரு வார்த்தை எழுதினாப் போதும்.

மதுரன்


மஞ்சப்பாறை
11.03.2007

மதுரனுக்கு,

பொங்கலுக்கு முந்தியே ஒன் அறிக்க இங்க வந்துருச்சு. தொரை கூப்புட்டு வாசிச்சுக் காட்டுனாரு. கடைசியில யாரு கையெழுத்துன்னும் காட்டுனாரு. நல்ல கையெழுத்து. சின்ன வயசுல நான் கைபுடிச்சு எழுதப் பழக்குன எழுத்து, எனக்குத் தெரியாதா? கையால எழுது, கையால எழுதுன்னு நாந்தானே கேட்டுக்கிட்டே இருந்தேன்.

டிஸ்பென்சரியிலேர்ந்து எடுத்துட்டாங்க. மாசியிலேர்ந்து மலையில கொழுந்து எடுக்குறேன். முப்பது வயசுக்கு மேல கூடை கட்டுனா முதுகு என்ன பாடுபடும்னு ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல, நீ அம்மா முதுகுக்கு எண்ணெ தேச்சு விட்டவன். இப்ப மிசின அமுக்க ஒரு புது ஆளு இருக்கு. புத்தக அலுமாரிய காலி பண்ணிட்டாங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு பழைய புத்தகத்தையெல்லாம் பேக்டரி அடுப்புல போட்டுட்டாங்க. அழகன் நிக்கிறப்பவே போட்டுருக்காங்க. அம்மா வரி, அந்த நூத்தி முப்பத்தொம்போது வரி, எல்லாம் போச்சு. நான் எண்ணுன எண்ணிக்க மட்டுந்தான் இருக்கு, அதும் ஒன்கிட்டத்தான் இருக்கு.

வெளக்கு வைக்கணும்னா வா. நான் தடுக்கல. ஆனா நம்ம வீட்டுக் காம்பராவுக்கு வராத.

இத எழுதுனது அதுக்காக இல்ல. எனக்குப் பக்கத்து நெரையில நாகலெட்சுமின்னு ஒரு புள்ள எடுக்குது. பத்தொம்போது வயசு, எட்டாம் மாசம். மூணு நாளா காலு வீங்கியிருக்கு. நேத்து மலையில ஒக்கார வச்சு கால அமுக்குனேன். குழி விழுந்து அப்புடியே நிக்குது. தலையிடிக்குதாடின்னா, லேசாங்குது. இன்னிக்கே டவுனுக்குப் போடின்னு கையப் புடிச்சுக் கெஞ்சுனேன். அவ சிரிக்கிறா. சுதா மாதிரியேதான் சிரிக்கிறா. “பச்சைதான்க்கா விழுந்துச்சு. ஒங்க தம்பி செஞ்ச மிசின்தானே, நீங்களே நம்பலன்னா எப்புடி?” புருசன்கிட்டப் போயிச் சொன்னேன். அவன் என்ன ஒரு மாதிரிப் பாத்தான். பொய்யா அமுக்குனதுனாலதான் இந்தம்மாவ வெளிய போட்டாங்கன்னு தோட்டமே பேசுதே, அவன் எப்புடி நம்புவான்? நான் எந்த வாயால சொல்லுவேன்?

நாளைக்கு வெள்ளனவே பெரட்டுக் களத்துக்குப் போயிருவேன். அவ வர்றாளான்னு பாக்கணும். வந்து நின்னான்னா மிசின் சொன்னது சரின்னு தேதி போட்டுக்குவாங்க. வரலன்னா அந்த வரிய எடுத்துருவாங்க. ஒனக்குத் தெரியாததா.

பூரணி